சிரிப்புக்குத் தாங்காத கயிறு

வெள்ளிக்கிழமை காலையில் தங்கவயலில் ஆட்டோ பிடிப்பது லேசான காரியமில்லை. இருக்கிற ஆட்டோவெல்லாம் பாலகாட் பக்கம் போயிருக்கும். உள்ளே நாலைந்து பெண்கள் நெருக்கியடித்து உட்கார்ந்திருப்பார்கள். எங்கே பயணம் என்று கேட்டுப் பாருங்கள். "சும்மாதான், சொந்தக்காரங்க வூட்டுக்கு" என்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வார்கள். மாரிகுப்பத்துக்காரிக்கும் மைசூர் மைன்ஸ்காரிக்கும், பொட்டு வைத்தவளுக்கும் பைபிள் எடுத்தவளுக்கும், பாலகாட்டில் ஒரே சொந்தக்காரர்.

அந்தச் சொந்தக்காரர் பெயர் அணைக்கட்டுச் சாமி. தங்கம் பிரித்த கழிவு மண் மலையாகக் குவிந்த சயனைட் மேட்டின் அடிவாரத்தில் இடிந்து கிடந்த பழைய ஸ்டோர் கட்டடம்தான் ஆசிரமம். வாசலில் ஆளுயர ஃபிளெக்ஸ்: 'இருமினாலும் தும்மினாலும் சிரித்தாலும் இனி அஞ்சேல்! மந்திரக் கயிறு. கத்தி இல்லை, ரத்தம் இல்லை. நூற்றுக்கு நூறு உத்தரவாதம்.'

சிரித்தால் எதற்கு அஞ்ச வேண்டும் என்று ஆண்பிள்ளைகள் தலையைச் சொறிந்தார்கள். பிள்ளை பெற்ற பெண்களுக்கு விளக்கம் தேவைப்படவில்லை. இருமினால் கசியும். குடம் தூக்கினால் கசியும். படியில் குதித்து இறங்கினால் கசியும். சிறுநீர்தான், வேறென்ன? இங்கே எழுதிவிட்டோம். ஊரில் ஒருத்தியும் வாய் திறந்து சொன்னதில்லை. பக்கத்து வீட்டுப் பெண் யாரோடு ஓடினாள் என்பதை மூன்று தெருவுக்குக் கேட்கச் சொல்கிற அதே ஜனம், இந்த விஷயம் வந்தால் உதட்டில் விரலை வைத்துக்கொள்ளும். சாமியின் முதலீடே அந்த விரல்தான்.

சாமியின் சித்தாந்தம் சுலபமானது. "உங்கள் பாட்டன்மார் பூமித்தாயின் வயிற்றைத் துளைத்துப் பொன்னை எடுத்தார்கள். அந்த ஓட்டையில் தண்ணீர் கசிகிறது. அந்தச் சாபம்தான் பேத்திகள் வயிற்றிலும் கசிகிறது. எடுத்த பொன்னைக் கொஞ்சம் திருப்பிக் கொடுங்கள்." தங்கவயல் பெண்ணிடம் இதைச் சொன்னால் நெஞ்சில் தைக்குமா தைக்காதா? பாட்டன்மார் வெட்டிய தங்கமெல்லாம் கப்பலேறிச் சீமைக்குப் போனது. பேத்திக்கு மிஞ்சியது ஒரு ஜோடிக் கம்மல். சாபம் மட்டும் எப்படியோ விலாசம் விசாரித்துக்கொண்டு கப்பலேறாமல் மைன்காரர்களின் லைன் வீட்டுக்கே வந்துவிட்டது! இதை யாரும் கேட்கவில்லை. கம்மலைக் கழற்றிச் சாமி எதிரே இருந்த பானையில் போட்டார்கள்.

கயிறு கட்டுவதற்கும் முறை உண்டு. முந்தின நாள் பொழுது சாய்ந்ததிலிருந்து பச்சைத் தண்ணீர் பல்லில் படக்கூடாது. ஆசிரமத்துக்கு வந்ததும் பின்பக்கக் கழிவறைக்குப் போய் 'தேகசுத்தி' செய்துவிட்டு வரவேண்டும். பிறகு பானையில் பொன், இடுப்பில் சிவப்புக் கயிறு. கிறிஸ்தவர்களுக்குக் கயிற்றில் சிலுவை மணி கோத்துத் தருவார். சாமி அவ்வளவு பெருந்தன்மை. அதன்பின் எல்லார் முன்னாலும் பலமாக இரும வேண்டும். ஒரு சொட்டு வராது. கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொள்ளும்.

வீட்டுக்குப் போய் இரண்டு டம்ளர் காப்பி குடித்ததும் பழையபடி கசிந்தால்? "சந்தேகப்பட்டிருப்பாய் மகளே. சந்தேகம் பட்டால் கயிறு தீட்டு." மறுபடி பொன், மறுபடி கயிறு.

பின்பக்கச் சுவரோரம் ஆசிரமத்துக் குழாய் ஒன்று இருந்தது. நாள் முழுக்கச் சொட்டிக்கொண்டே இருக்கும். குடத்தை வைத்துக்கொண்டு தண்ணீர் லாரிக்குக் காத்துக் கிடக்கிற ஊரில் சொட்டுகிற குழாய்! அதையும் யாரும் கேட்கவில்லை.

மாரிகுப்பம் லைனில் குடியிருக்கிற வினோலியா அந்தப் பக்கம் போகிறவளே அல்ல. ஐம்பது தாண்டியவள், பெங்களூரில் கார்மெண்ட்ஸ் சூப்பர்வைசர். விடியற்காலை ரயிலில் பெண்கள் பெட்டியில் ஏறினால் பொழுது போய்த்தான் இறங்குவாள். அவளுடைய சிரிப்பு பிரசித்தம். சுரங்க ஷாஃப்டில் ஆட்களைச் சுமந்து கேஜ் இறங்குவதற்கு முன் அடிப்பார்களே மணி, அந்த மாதிரி கணீரென்று விழும். அடுத்த பெட்டியில் சீட்டாடுகிறவர்கள், "வினோக்கா ஏறிட்டாங்க" என்று நேரம் சொல்வார்கள்.

சிரிக்க வைப்பது ஷோபாவின் வேலை. எதிர் சீட்டுக்காரி, கேஜ் ஆபரேட்டர் மகள். ஒரு பேங்க் கேன்டீனில் வேலை. அவளுடைய வாய் மட்டும் எந்த ஸ்டேஷனிலும் நிற்காத வண்டி.

இரண்டு வருஷத்துக்கு முன் பங்காருப்பேட்டை தாண்டும்போது, தன் புருஷன் தலைக்குச் சாயம் பூசிக்கொண்டு தூங்கி, எழுந்தபோது தலையணைக்கு இளமை திரும்பியிருந்த கதையை ஷோபா சொன்னாள். வினோலியா விழுந்து விழுந்து சிரித்தாள். சட்டென்று நிறுத்தினாள். முகம் வெளுத்தது. எழுந்து, கைப்பையைப் பின்னால் பிடித்துக்கொண்டு, கதவோரமாகப் பெங்களூர் வரைக்கும் நின்றே போனாள்.

அன்றோடு மணி நின்றது. கறுப்புச் சேலை, பையில் நாப்கின், காலையில் ஒரு வாய் தண்ணீர் கிடையாது, உதட்டை இறுக்கிக்கொண்டு ஜன்னலை வெறித்த பார்வை. பெட்டிக்குள் கண்டபடி பேசிக்கொண்டார்கள். "சர்ச்சுல பதவி கொடுத்துட்டாங்களாம், அதான் பெருமை" என்றாள் ஒருத்தி. "புருஷனோட தகராறாம்" என்றாள் இன்னொருத்தி. கடைசியில் ஷோபாவுக்கே பொறுக்கவில்லை.

"இன்னா வினோ, என் ஜோக்குக்கு இன்னா கொறச்சல்? மூஞ்ச தூக்கி வெச்சிக்கினு வர்றே?"

வினோலியா காதோடு சொன்னாள்.

"அய்யே, இவ்ளோதானா? நான் உனக்கு இன்னாவோ பெரிய சீக்குன்னு பயந்துக்கினு இருந்தேன். நட ஆஸ்பத்திரிக்கு."

டாக்டரம்மா சின்ன வயசு. கன்னடத்தில் "ஏனாயித்தம்மா?" என்று ஆரம்பித்து, கேட்டு முடித்ததும் தமிழுக்கு மாறினாள். பரிசோதனை எல்லாம் பார்த்துவிட்டு, முதலில் ஆபரேஷன் பேச்சையே எடுக்கவில்லை. மூத்திரத்தை அடக்குகிற தசையை இறுக்கி இறுக்கி விடச் சொன்னாள், மாசக் கணக்கில். வினோலியா ரயிலிலேயே செய்தாள். "இன்னாடி மூஞ்சி இது, கணக்குப் பரீட்சை எழுதறியா?" என்று ஷோபா நக்கலடிப்பாள். நிறையப் பேருக்கு அதிலேயே சரியாகிவிடுமாம். வினோலியாவுக்கு இருமல் வரைக்கும் கொஞ்சம் தேவலையானது. சிரிப்புக்கு ஆகவில்லை.

"அப்போ ஆபரேஷன் யோசிக்கலாம்மா" என்றாள் டாக்டரம்மா. "பிள்ளை பெத்ததுல மூத்திரக் குழாய்க்குக் கீழே இருக்கிற பிடிமானம் தளர்ந்துபோச்சு. வயித்துல அழுத்தம் வந்தா அது தாங்கல. கீழேருந்து ஒரு நாடா கொடுத்துத் தாங்கணும்."

"முட்டுக் கொடுக்கிற மாதிரியா?" என்றாள் வினோலியா. அவள் அப்பா மைனில் டிம்பர்மேன். மேலே பாறை சரியாமல் மரத்தால் முட்டுக் கொடுத்தே காலத்தைக் கழித்தவர்.

"அதேதான். அந்த நாடாவைப் பிளாஸ்டிக் வலையில செஞ்சு வைக்கலாம். சின்ன ஆபரேஷன், சீக்கிரம் எழுந்து நடமாடலாம். ஆனா சில பேருக்குப் பின்னாடி உறுத்தும், வலி வரும், சதையை அரிச்சுக்கிட்டு வெளியே தலை நீட்டும். எடுக்கறது கஷ்டம். இல்லேன்னா உங்க வயித்துச் சுவர்லேருந்தே ஒரு பட்டை எடுத்து நாடாவா வைக்கலாம். உங்க சொந்தச் சதை. வெட்டு கொஞ்சம் பெரிசு, தேற நாளாகும், ஆரம்பத்துல மூத்திரம் சரியா பிரியாம டியூப் போட வேண்டி வரலாம்."

"வேற?"

"வயித்து வழியாப் போய்த் தையல் போட்டுத் தூக்கி நிறுத்தற முறை ஒண்ணு இருக்கு. குழாயைச் சுத்தி ஊசி போட்டு உப்ப வைக்கறதும் இருக்கு. ஊசி லேசு, ஆனா அது நாள்பட்டா வத்திப்போயிடும், திரும்பப் போடணும். ஒரேடியா பயப்படவும் வேணாம், அவசரப்படவும் வேணாம். யோசிச்சு நீங்கதான் சொல்லணும்."

"நூத்துக்கு நூறு சரியாயிடுமா டாக்டர்?"

"பெரும்பாலானவங்களுக்கு நல்லா ஆகும். எல்லாருக்கும்னு நான் சொல்ல மாட்டேன். நூத்துக்கு நூறுன்னு யாராவது சொன்னா, அந்த இடத்துலேருந்து எழுந்து வந்துடுங்க."

வினோலியா சொந்தச் சதை நாடாவையே கேட்டாள். திங்கட்கிழமைக்குத் தேதி கொடுத்தார்கள். விட்டால் மறுபடி மழைக்காலம் தாண்டித்தான்.

மனுஷ மூளை விசித்திரமானது. டாக்டரம்மா உள்ளதை உள்ளபடி சொன்னாளா, வினோலியாவுக்குத் தூக்கம் போய்விட்டது. அரிக்கும், டியூப், எல்லாருக்கும்னு சொல்ல மாட்டேன். இந்த மூன்றும்தான் காதில் நின்றன. அந்தச் சமயம் பார்த்துப் பக்கத்து வீட்டு ரத்தினம்மா வந்து உட்கார்ந்தாள்.

"கத்தியா? பைத்தியமா உனக்கு? நம்ம சாமிகிட்ட வா. நான் மூணு கயிறு கட்டியிருக்கேன்."

"சரியாயிடுச்சாக்கா?"

"இன்னும் இல்ல. மூணு கட்டியும் பிடிக்கலேன்னா பாரு, எவ்ளோ சக்தியான கயிறுன்னு. என் உடம்பு தாங்க மாட்டேங்குது."

ரத்தினம்மாவின் காதில் துடைப்பக்குச்சி செருகியிருந்தது, மூக்கிலும் ஒன்று. கம்மலும் மூக்குத்தியும் பூமித்தாய்க்குப் போயாகிவிட்டது. இன்னும் இரண்டு கயிறு கட்டினால் முழுத் துடைப்பத்தையும் தலையில் சுமந்திருப்பாள்.

"ஒண்ணு வினோ, ஆஸ்பத்திரி கத்தி பட்டா கயிறு நிக்காது. சாமி எதிர்லயே போனைப் போட்டு, ஆபரேஷன் வேணாம்னு சொல்லணும். அப்பதான் கட்டுவாரு."

வினோலியாவின் புருஷன் எட்மண்டுக்கு இது பிடித்துப் போனது. "கயிறுன்னா நல்லதுதானே. நீ படுத்துட்டா குடம் யார் தூக்கறது?" என்றான். பாசமான மனுஷன்.

ஆக, வெள்ளிக்கிழமை வினோலியாவும் பாலகாட்டில் 'சொந்தக்காரி' ஆனாள். விஷயம் தெரிந்து ஷோபா லீவு போட்டுவிட்டுக் கூடவே வந்தாள். கையில் கல்யாண வீட்டு அளவுக்கு ஒரு பெரிய மோர் கேன்.

"இது எதுக்குடி?"

"ராத்திரியிலேருந்து தண்ணி குடிக்காம வர்றாளுங்க. வெயில்ல எவளாவது விழுந்தா?"

சாமி வந்து உட்கார்ந்தார். தலையில் பழைய மைன் ஹெல்மெட். விளக்கு இருக்க வேண்டிய இடத்தில் குங்குமம். காவிச் சால்வை கழுத்து வரை. முதல் வரிசை முடிந்தது. நாலாவது கயிற்றோடு ரத்தினம்மா எழுந்து, ஷிப்ட் சங்கு மாதிரி இருமினாள். ஒரு சொட்டு இல்லை. கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொண்டது. ரத்தினம்மா அழுதேவிட்டாள்.

வினோலியாவுக்கு மனசு இளகிப்போனது. கண்ணெதிரே பார்த்தாயிற்றே, இன்னும் என்ன வேண்டும்? அம்மா கொடுத்த கம்மலைக் கழற்றி இடது உள்ளங்கையில் வைத்துக்கொண்டாள். வலது கையில் போன். ஆஸ்பத்திரி நம்பரைத் தேடி எடுத்தாள்.

"ஒரு நிமிஷம் சாமி" என்று ஷோபா எழுந்தாள். "வாசல்ல சிரித்தாலும்னு போட்டிருக்கீங்க. இருமிக் காட்டினாங்க. சிரிச்சுக் காட்டலியே?"

"மகளே, என் கயிறு கட்டியவள் எப்போது வேண்டுமானாலும் சிரிக்கலாம்."

"அப்ப ஒரு சின்ன சோதனை. கட்டினவங்க எல்லாரும் வயிறு முட்ட மோர் குடிக்கட்டும். ஒரு மணி நேரம் கழியட்டும். அப்புறம் சிரிக்கட்டும். கசியாம நின்னுட்டா என் வளையல் நாலும் பானையில." கையை ஆட்டினாள். வளையல்கள் குலுங்கின.

சாமியின் கண் வளையலிலேயே நின்றது. ஒரு கணம் யோசித்தார். சாபம் சூழ்ந்த இந்தச் சந்நிதியில் எவள் சிரிக்கப்போகிறாள் என்ற தைரியம். "அப்படியே ஆகட்டும்" என்றார்.

தாகத்தில் வாடியிருந்த பெண்கள் கேனைக் காலி செய்தார்கள். கையில் கம்மலும் போனுமாக நின்றிருந்த வினோலியாவுக்கும் ஷோபா ரெண்டு டம்ளர் ஊற்றிவிட்டாள். "கட்டாதவளும் ஒருத்தி வேணும்ல, ஒத்துப் பார்க்க?"

நேரம் போகட்டுமே என்று ஷோபா பேச்சுக் கொடுத்தாள். "சாமிக்கு இந்தச் சக்தி எப்படி வந்துச்சு?"

அவ்வளவுதான். புகழ்பாடுவதில் சாமிக்கு வேறு ஆள் தேவையில்லை. "நான் அண்டர்கிரவுண்டில் தவம் செய்தவன். மைன் நடந்த காலம். உள்ளே வெள்ளம் புகுந்தது. ஆயிரம் பேர் அலறினார்கள். ஒரே ஒரு கயிறு கட்டினேன். வெள்ளம் நின்றது."

"அப்ப இன்னொண்ணு கட்டியிருக்கலாமே சாமி" என்றாள் ஷோபா. "மைனை மூடினதுலேருந்து ஷாஃப்ட் பூரா தண்ணிதானே நிக்குது?"

சாமி ஹெல்மெட்டைச் சரிசெய்துகொண்டார். நேரம் ஓடியது. மோர் இறங்கியது. சில பெண்கள் நெளிய ஆரம்பித்தார்கள். ரத்தினம்மா மட்டும் பக்திப் பரவசத்தில் ஒரு கேள்வி கேட்டாள். அவள் புருஷன் காலம் முழுக்க அண்டர்கிரவுண்டில் உழைத்துப் போய்ச் சேர்ந்தவன். சாமியும் அவனும் ஒன்றாக இறங்கியிருப்பார்களோ என்று ஒரு ஆசை, பாவம்.

"எவ்ளோ ஆழத்துல சாமி?"

"எண்பதாயிரம் அடி!"

கூட்டம் நிமிர்ந்து உட்கார்ந்தது. உலகத்திலேயே ஆழமான மைன்களில் ஒன்று என்று தங்கவயல் பிள்ளைகள் எழுத்துக்கு முன்னால் படிக்கிற பாடம், பத்தாயிரம் அடி சொச்சம்.

"எண்பதாயிரமா?" என்றாள் ரத்தினம்மா மெதுவாக. "எந்த கேஜ்ல இறங்கினீங்க?"

"கேஜா? கூண்டில் போக நான் என்ன கிளியா? லிஃப்ட்டில் போனேன். பட்டனை அமுக்கினேன். கதவு திறந்தது."

தங்கவயலில் வந்து கேஜ் தெரியாத ஒருவர்! ரத்தினம்மா சாமியை மேலிருந்து கீழ்வரை பார்த்தாள். அந்த ஹெல்மெட்டைப் பார்த்தாள். பக்தி ஒரு பக்கம், மைன்காரன் பெண்டாட்டி ஒரு பக்கம். ஜெயித்தது பெண்டாட்டி.

"பட்டனா? எண்பதாயிரம் அடின்னா... அந்தப் பக்கமா அமெரிக்காவுல போய் கதவு திறந்துச்சா சாமி?"

முதலில் ஒரு 'க்ளுக்'. யார் என்று தெரியவில்லை. பிறகு கணீரென்று ஒரு மணி அடித்தது. இரண்டு வருஷமாக நின்றிருந்த மணி. வினோலியா நிறுத்தப் பார்த்தாள், முடியவில்லை. வாயைப் பொத்தினாள், மூக்கு வழியாக வந்தது. அடுத்தவள், அதற்கடுத்தவள், கடைசியில் சயனைட் மேடே எதிரொலித்தது. கால் நனைவது வினோலியாவுக்குத் தெரிந்தது. தலையைக் குனிந்தாள். குனிந்த கண்ணில் பக்கத்தவளின் காலடி பட்டது. அதற்கப்பால் இன்னொன்று. சிவப்புக் கயிறு கட்டிய இடுப்புகளுக்குக் கீழே, கட்டாத தன்னைப் போலவே, மண் ஈரமாகிக்கொண்டிருந்தது.

ஊரே நனைகிறது. இத்தனை நாள் தான் ஒருத்திதான் என்று நினைத்துக் கதவோரமாக நின்று பெங்களூர் போனாளே! அதை நினைத்ததும் இன்னும் பலமாகச் சிரித்தாள்.

"சந்தேகம்!" என்று சாமி கத்தினார். "சந்தேகத்தால் கயிறு தீட்டாகிவிட்டது!"

"தண்ணி குடிக்காம, ஒண்ணுக்குப் போயிட்டு வந்து இருமினா சொட்டு எங்கேருந்து சாமி வரும்?" என்றாள் ஷோபா. "காலிக் குடத்தைக் கவுத்துக் காட்டி, ஓட்டை அடைஞ்சிடுச்சுன்னு சொல்றீங்க."

ரத்தினம்மா இடுப்பிலிருந்த நாலு கயிற்றையும் அறுத்தாள். நேராகப் பின்பக்கம் போனாள். சொட்டுகிற குழாயின் கழுத்தில் நாலையும் இறுக்கிக் கட்டினாள். எல்லாரும் பார்த்தார்கள்.

டொக். டொக். டொக்.

"குழாய் யாரைச் சந்தேகப்பட்டுச்சு சாமி?" என்றாள்.

சாமி எழுந்து ஓடினார். சால்வை பெஞ்சு ஆணியில் மாட்டிக்கொண்டது. உள்ளே புத்தம்புதுச் சங்கிலி, தேர்வடம் கனத்துக்கு, வெயிலில் பளபளத்தது. பூமித்தாய் விழுங்கிய பொன்னெல்லாம் சாமி கழுத்தில் முளைத்திருந்தது. பெண்கள் வாசலை மறித்துக்கொண்டார்கள். போலீஸ் வருகிற வரைக்கும் சாமி தரையில் ஒடுங்கி உட்கார்ந்திருந்தார். விசாரித்ததில் பெயர் ராஜப்பாவாம். எந்த ஊரிலோ பிளம்பர் வேலை பார்த்தவராம். போட்ட குழாயெல்லாம் ஒழுகியதால் வேலை போய், சாமியாகப் பதவி உயர்வு பெற்றாராம்.

வினோலியா கம்மலைத் திருப்பிக் காதில் மாட்டினாள். கையில் போன் அப்படியே இருந்தது. ஆஸ்பத்திரிக்குப் போட்டாள்.

"திங்கட்கிழமை நான் வர்றேன். வெறும் வயித்தோடவா வரணும்?"

ஆபரேஷன் நடந்தது. முதலில் கொஞ்ச நாள் மூத்திரம் பிரியாமல் டியூபோடு கிடந்தாள். "வராதேன்னு சொன்னா வந்துச்சு, வான்னா வர மாட்டேங்குது" என்று புலம்பினாள். டாக்டரம்மா முன்பே சொல்லி வைத்ததால் பயம் இல்லை. கனம் தூக்கக்கூடாது என்றதால் குடமெல்லாம் எட்மண்ட் தலையில். லாரி வரிசையில் அவனைப் பார்த்து ஊரே இருமியது.

ரத்தினம்மாவும் ஆஸ்பத்திரிக்குப் போனாள். அவளுக்கு ஆபரேஷனே வேண்டாம், பயிற்சியே போதும் என்றுவிட்டார்கள். இப்போது திருப்பதி லட்டுக்கு வரிசையில் நிற்கிற முகத்தோடு வாசற்படியில் உட்கார்ந்து தசையை இறுக்குகிறாள்.

இரண்டு மாதம் கழித்துப் பெண்கள் பெட்டியில் ஜன்னலோரம் வினோலியா. பச்சைச் சேலை. பையில் தண்ணீர் பாட்டில், பாதி காலி. பங்காருப்பேட்டை தாண்டியதும் ஷோபா தொண்டையைச் செருமி, "எண்பதாயிரம் அடி" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். அடுத்த பெட்டியில் சீட்டாட்டம் நின்றது. "வினோக்கா வந்துட்டாங்க" என்றது ஒரு குரல்.

சிரித்து முடித்த வினோலியா, பழக்கதோஷத்தில் கைப்பையைத் தேடினாள். பிறகு அப்படியே உட்கார்ந்துகொண்டாள். எழ வேண்டிய அவசியம் எதுவும் இல்லை.

பாலகாட் ஸ்டோர் கட்டடம் இப்போது காலி. ஆனால் ஆண்டர்சன்பேட்டையில் முழங்கால் வலிக்குத் தாயத்துக் கட்டுகிற புதுச் சாமி ஒருவர் வந்திருப்பதாகக் கேள்வி. வெள்ளிக்கிழமை ஆட்டோக்கள் திசை மாறிப் போகின்றன. இடுப்புக் கயிற்றைக் கட்ட ஒரு ராஜப்பா வேண்டும். மூளையில் இருக்கிறதே, அந்தக் கயிற்றை மட்டும் நாமேதான் கட்டிக்கொள்கிறோம். அதை அவிழ்க்கக் கத்தி வேண்டாம், தேதி வாங்க வேண்டாம், மயக்க ஊசியும் வேண்டாம். மயக்கம் தெளிந்தாலே போதும்.